எழுத்தில் இல்லாத உத்தரவு

செவ்வாய், இரவு.

காவல் அலுவலக எழுத்தர் என்ற முறையில் இன்று பதவி உயர்வுப் பட்டியலைச் சரிபார்த்தேன். தலைமைக் காவலர் கருப்புசாமி அண்ணன் போன வருடத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனதாகப் பதிவேட்டில் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

“அன்னிக்குத் தொண்டாமுத்தூர்ல யானை தோப்புக்குள்ள பூந்திருச்சுங்க அம்மணி. கூட்டத்தை ஒதுக்க இன்ஸ்பெக்டர் ஐயாதான் அனுப்புனாருங்க.”

“எழுத்துல இருக்குதுங்களாண்ணா?”

“ஃபோன்ல சொன்னதுங்க.”

பக்கத்து அறையிலிருந்த இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். நினைவில்லை என்றார். திரும்பி வந்து ‘தகுதியில்லை’ என்று எழுதினேன். எழுத்தில் உத்தரவு இல்லாமல் பயிற்சி தவறினால் விதி அப்படித்தான்.

“பரவாயில்லைங்க. இந்த வருசப் பயிற்சி நாளைக் காலைலதானுங்களே, போயிர்றனுங்க” என்றார் அண்ணன். அந்தப் பணிவு எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் இப்போது தூங்கியிருப்பேன்.

மாலை நான் கிளம்பும்போது மறுபடி யானை இறங்கியதாகத் தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் வராந்தாவில் நின்றபடியே, “கருப்புசாமி, நீ போ. விடிஞ்சு ஆள் மாத்தறேன்” என்றார். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். “சரிங்கய்யா” என்று வண்டியை எடுத்தார்.

நாளை அவருக்குப் பயிற்சி என்று நான் சொல்லியிருக்கலாம். உத்தரவை எழுத்தில் கொடுங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். கையில் பேனாகூட இருந்தது. மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.