அப்பா தூங்குவதாகச் சொன்ன ஞாயிறுகள்

அன்புள்ள அம்மா,

பெங்களூரில் நான் சுகம். பாம்பனில் மழை நின்றதா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஸ்கேன் எடுக்கும் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தலையில் அடிபட்டதிலிருந்து நம் அப்பாவைப் போலவே அசைவுமில்லை, பேச்சுமில்லை. டாக்டர் அவரிடம், "நடக்குற மாதிரி நினைச்சுப் பாருங்கம்மா" என்றார். உடம்பு அசையவில்லை. ஆனால் சொன்னபோதெல்லாம், நடப்பதை நினைத்தால் இயங்கும் மூளைப்பகுதி வேலை செய்வது ஸ்கேனில் தெரிந்தது. பேசுவது அவருக்குக் கேட்கிறது!

சந்தோஷத்தில் டேவிட் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அப்பாவ ராம்நாட்டுல ஒரு ஹோம்ல விட்டு மூணு மாசமாச்சு. அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதுல்ல?" என்றார். ஞாயிறுதோறும் நான் போனில் அப்பாவைக் கேட்டபோது "அப்பா தூங்குறாரும்மா" என்று என்னிடம் சொன்னது நீங்கள்தானே?

அப்பாவுக்கும் கேட்குமா என்பது சோதித்தால்தான் தெரியும். அவரை இங்கே கூட்டிவர அடுத்த மாதம் வருகிறேன். அதுவரை போய் அவர் காதருகே பேசுங்கள். வீட்டில் அவர் போர்த்தும் நீலப் போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்துங்கள். ஞாயிற்றுக்கிழமை போனை அவர் காதில் வையுங்கள், நானும் பேச வேண்டும்.

டூட்டிக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். அங்கே விட்டுவிட்டுக் கிளம்பும்போது அப்பாவிடம் என்ன சொன்னீர்கள்?

உங்கள் மகள்,
ஆஸ்லின்