ஆறாவது ரீல்

திரையரங்க உரிமையாளர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் அரங்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படம் ஓட்டும் ஆப்பரேட்டர் பணிவுடன் எழுதிக்கொள்வது. சொந்தக் காரணங்களால் இந்த மாதக் கடைசி ஞாயிறோடு வேலையிலிருந்து விலகிக்கொள்ள விரும்புகிறேன். என்னை விடுவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விண்ணப்பம் இவ்வளவுதான். இப்படித்தான் எழுத வேண்டும் என்று மாதிரி விண்ணப்பம் ஒன்றை மேனேஜர் கொடுத்தார். இனி எழுதுவது என் பெண்டாட்டிக்கு. முதலாளியம்மா மேலே இருப்பதைக் கிழித்து ஃபைலில் வைத்துக்கொண்டு, மீதியை அவளிடம் கொடுத்துவிடவும்.

நீ நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் அத்தை விட்டுப்போன அவ்வளவு பெரிய வீட்டில் நன்றாக இருக்க என்ன குறை? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் அங்கே வந்து பத்து நாள் தங்கிவிட்டுத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. பத்திரம், கையெழுத்து என்று நீ அங்கேயே இருக்கிறாய். இதுவரை இரண்டு கார்டு போட்டேன். இரண்டிலும் மழையைப் பற்றித்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்வது நல்லது. புதுப்படப் பெட்டி வரவில்லை. வழக்கம்போல, கைவசம் இருக்கும் அந்தப் பழைய பேசாப் படத்தை மதியக் காட்சிக்குப் போடச் சொன்னார்கள். டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டுக் கேபினுக்கு ஏறிவந்து, நடுநடுவே வரும் எழுத்தை மைக்கில் படிக்க நீ இல்லை. இடம் காட்டுகிற டார்ச்காரர் மைக்கைக் கீழே வாங்கிக்கொண்டு படித்தார். ‘அன்பே’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘வரிசையில் வாங்க’ என்று அதட்டுகிற குரலில் படித்தார்.

நான்காவது ரீல் ஓடும்போது மேனேஜர் மேலே ஏறி வந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் நம் பத்தொன்பது இரும்புப் படியில் ஒன்றைக்கூட மிதித்ததில்லை. எதுவானாலும் கீழே நின்று கத்துவார். மூன்றாவது படி ஆடியதில் விழப் பார்த்திருக்கிறார். கேபின் வாசலில் நின்று, “உள்ள வரலாமா சார்?” என்று கேட்டார். அந்த சாரிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அரங்கம் கைமாறிவிட்டது என்றார். யார் வாங்கியது என்று கேட்டேன். மென்று விழுங்கி, “உங்க வீட்டுக்காரம்மாதான்” என்றார்.

அதற்குப் பிறகு என் கை என்ன செய்தது என்று எனக்கே தெரியாது. நான்காவது முடிந்ததும் ஐந்தாவதை விட்டுவிட்டு ஆறாவதை மாட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் ஐந்தாவதை ஓட்டினேன். டார்ச்காரர் வந்ததை எல்லாம் படித்துக்கொண்டே போனார். நீ இருந்திருந்தால் முதல் வரியிலேயே என் தோளில் அடித்திருப்பாய்.

உனக்கு அந்தப் படம் மனப்பாடம். ஆனாலும் ஒருவராவது அதை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். ஒற்றை அறையில் குடியிருக்கிற புருஷன் பெண்டாட்டி. அவளுக்கு எங்கிருந்தோ ஒரு மாமாவின் சொத்து வருகிறது. பெரிய வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வீட்டில் இரண்டு மாடிப்படி. அவன் முன்படியில் ஏறும்போது அவள் பின்படியில் இறங்குகிறாள். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஐந்தாவது ரீலில் சிரிப்பு நின்றுவிடும். சண்டை முற்றி அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். ஆறாவதில் இரண்டு பேரும் தனித்தனியே அந்தப் பழைய அறையைப் பார்க்க வருகிறார்கள். அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். இருப்பது ஒரே படிக்கட்டு, ஒரு ஆள் போகிற அகலம். அவன் இறங்க, அவள் ஏற, நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். யாரும் வழிவிடுவதில்லை. இரண்டு பேரும் சிரித்துவிடுகிறார்கள். படம் முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பார்த்தது வேறு. படியில் சேர்ந்து சிரித்தவர்கள் மறுபடியும் பெரிய வீட்டில் சண்டை போட்டார்கள், அவன் பெட்டியோடு தெருவில் நடந்தான், நான் விளக்கைப் போட்டேன். ஒருவரும் கூச்சல் போடவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. அவ்வளவு பேரில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஒரு அம்மா மட்டும் கேபின் படிக்குக் கீழே வந்து நின்று, “அவன் திரும்பி வருவானா மாட்டானா, அதைச் சொல்லுங்க” என்று கேட்டார். ரீலில் இருப்பதைச் சொல்லியிருக்கலாம். நான் கேபின் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. அந்தக் கேபினில் நான் யாருக்கும் கைகட்டி நின்றதில்லை. இப்போது அதுவும் நீ கொடுத்ததாகிவிட்டது. டீக்கடைக்காரர் என் டம்ளரை மட்டும் இரண்டு தடவை கழுவுகிறார். டார்ச்காரர் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார், பிறகு ஏன் நின்றோம் என்று அவரே விழிக்கிறார். நான் இவர்கள் நடுவில் எப்படி இருப்பேன்?

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். எந்தப் படியில் இறங்கினாலும் சரி.

தங்கள் ஊழியனும்
உன் புருஷனும்

* * *

ஆப்பரேட்டருக்கு,

விண்ணப்பம் கிடைத்தது. நிராகரிக்கப்படுகிறது. ‘சொந்தக் காரணங்கள்’ எவை என்று அதில் விவரம் இல்லை. மேலும், கேபின் படிக்கட்டில் மூன்றாவது படியை உடனே முடுக்கி வைக்கவும். இது உத்தரவு. என் முதலாளி வேலை இதோடு முடிந்தது.

என்னங்க,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை டார்ச்காரர் அன்பே என்று அதட்டுவதை நினைத்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என்ன என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

பழைய முதலாளி அரங்கைச் சிமெண்டுக் கிடங்குக்குக் கொடுக்க இருந்தார். உங்களிடம் சொல்லத் தைரியம் வராமல் மேனேஜர் எனக்கு எழுதினார். கூரை வேலைக்காக ஒரு தடவை அரங்கைப் பதினொரு நாள் மூடினார்களே, நினைவிருக்கிறதா? நீங்கள் வீட்டில் உட்கார்ந்து மேசை விசிறியை மூன்று தடவை பிரித்து மாட்டினீர்கள். மூன்றாவது தடவை ஒரு திருகு மிஞ்சியது. உங்களுக்குத் தெரியாமல் அதை எடுத்து டப்பாவில் போட்டு வைத்தேன், இன்னும் இருக்கிறது. பதினொரு நாளுக்கே அப்படி என்றால், வேலை இல்லாத உங்களோடு மீதிக் காலத்தை என்னால் ஓட்ட முடியுமா? நான் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், சிமெண்டு மூட்டை வந்து இறங்கியிருக்கும். ஆனாலும் கேட்காதது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். இப்போது உங்கள் முறை. இங்கே பத்து நாள் இருந்தீர்கள். ஒரு சட்டையைக்கூடப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கவில்லை. ஜன்னலைத் திறக்கலாமா என்று என்னைக் கேட்டீர்கள். வக்கீல் வந்து உங்களிடம் ஏதோ கேட்டதற்கு, “இது அவங்க வீடு, அவங்களைக் கேளுங்க” என்றீர்கள். பதினெட்டு வருஷம் யாரிடம் பேசினாலும் ‘இவ’ என்று என்னைச் சொன்ன வாய். எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் உங்களைத் தேடி முன்படியில் ஏறினால் நீங்கள் பின்படியில் இறங்கிவிட்டீர்கள். அட, நம் படம் என்று சொல்லிச் சிரிக்க ஓடி வந்தேன். அதற்குள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் இருந்தவரைக்கும் எனக்கு ஜனங்களின் கைதான் தெரியும். அந்த ஓட்டை வழியாகக் கை வரும், போகும். என் முகத்தை அவர்களும் பார்த்ததில்லை. இங்கே நான் உள்ளே வந்தால் மனிதர்கள் எழுந்து நிற்கிறார்கள், நான் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த மிதப்பில்தான் உங்களுக்கு நாலு புதுச்சட்டை தைக்கச் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கறைச் சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்றேன். எறியவில்லை. என் புடவைகளுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன்.

இந்த வீட்டை விற்கவும் மனசில்லை, தனியாக இருக்கவும் முடியவில்லை. எல்லா அறையிலும் விளக்கைப் போட்டால் வீணாகத் தெரிகிறது. அணைத்தால் பயமாக இருக்கிறது. மாதக் கடைசி ஞாயிறு மதியக் காட்சிக்கு அந்தப் படத்தையே போடும்படி மேனேஜருக்கு எழுதியிருக்கிறேன். டிக்கெட் கிடையாது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் வரட்டும், அந்த அம்மா கட்டாயம் வரட்டும். அன்று மதியம் மூன்று மணிக்கு அங்கே வந்து சேருகிற வண்டி ஒன்று இருக்கிறது.

ஆனால் ஒன்று. உங்கள் கடிதத்தில் என் முழங்கால் இருக்கிறது, டீ டம்ளர் இருக்கிறது, மாமா சொத்து இருக்கிறது. ‘வா’ என்று எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். கூப்பிடாத இடத்துக்கு முதலாளியாக வந்து நிற்க எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் கூப்பிட்டால்தான் கிளம்புவேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரை வாசலில் மறிக்கிற,
இவ

* * *

என் வீட்டுக்காரிக்கு,

இதற்கும் ஒரு மாதிரிக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றார் மேனேஜர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திருகைப் பற்றிப் படித்ததும் விசிறியைப் போய்ப் பார்த்தேன். அது ஏன் லொடலொடவென்று சுற்றுகிறது என்று இத்தனை நாள் மின்சாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திருகைத் தொலைத்துவிடாதே.

‘அவங்க’ என்று சொன்னது தப்பு. அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொரு நாற்காலியும் எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. வக்கீல் பேனாவை நீட்டியதும் என்ன செய்வது என்று தெரியவில்லை. கோபப்படுகிற மாதிரி உனக்கு எழுதினேன், அது கோபம் இல்லை. எல்லாரும் எழுந்து நிற்கிற இடத்தில் உனக்கு இனிமேல் நான் எதற்கு என்று பயந்துவிட்டேன். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. கவுண்டரில் உன் முகத்தை யாரும் பார்த்ததில்லை என்கிறாய். இடைவேளைதோறும் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவன் ஒருவன் இருந்தானே, அவனை ஏன் கணக்கில் விட்டாய்?

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். பதிலுக்கு முதலாளி இரண்டு உத்தரவு போட வேண்டும். மேனேஜர் என்னை சார் என்று கூப்பிடக் கூடாது. டம்ளரை ஒரு தடவைதான் கழுவ வேண்டும். டீக்கடை உன்னுடையது இல்லை என்பது தெரியும், ஆனாலும் சொல்லிப் பார். அந்த வீட்டை விற்க வேண்டாம். இரண்டு மாடிப்படியில் ஒன்றை அடைத்துவிட்டால் நானும் அங்கே வந்து கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன். இந்தத் தடவை சட்டையை அலமாரியில் வைப்பேன், உன் புடவைக்கு மேலேயோ அடியிலேயோ.

அந்த அம்மாவைத் தெருவில் பார்த்தேன். மாதக் கடைசி ஞாயிறு வந்தால் பதில் தெரியும் என்று சொன்னேன். ஒரு படத்துக்கு இவ்வளவு இழுப்பா என்று சலித்துக்கொண்டார், ஆனால் வருகிறாராம்.

மூன்றாவது படியை மட்டும் முடுக்கவில்லை. முதலாளி உத்தரவை மீறியதற்கு மன்னிக்கவும். புரொஜெக்டர் போடுகிற சத்தத்தில் எனக்கு வேறு எதுவும் காதில் விழாது. பதினெட்டு வருஷமாக நீ ஏறி வருகிறாய் என்பதை அந்தப் படி ஆடுகிற சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

படம் இரண்டரைக்குத் தொடங்கும். ஐந்து ரீலையும் டார்ச்காரர் தன் பாணியில் படிப்பார். மூன்றரைக்கு ஐந்தாவது முடியும். ஆறாவதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். திரை வெறுமனே கிடக்கும். ஜனங்கள் விசிலடிப்பார்கள், நாற்காலியைத் தட்டுவார்கள், மேனேஜர் கீழே நின்று பழைய குரலில் கத்துவார். வண்டி எவ்வளவு தாமதமானாலும் சரி, அந்தப் படி ஆடுகிற சத்தம் கேட்காமல் ஆறாவதை மாட்ட மாட்டேன்.

வா.

உன் புருஷன்