கடைவாய்ப் பல்

மறையூர், ஞாயிறு

சுகந்திக்கு,

நானும் பூபதியும் நலம். அவனை நான் இங்கே கூட்டி வந்த பிறகாவது உன் கால் வீக்கம் வடிந்ததா?

பயப்படாதே. செவ்வாய்க்கிழமை நம் மகன் பூபதி என் கையைக் கடித்துவிட்டான், இரண்டு தையல்தான். தையல் போட்ட டாக்டர் அவன் வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை.

"ஒரு வருசமா வலிச்சிருக்கும். ஆட்டிசம் இருக்கிறவனுக்குச் சொல்லத் தெரியலை, நீங்களும் வாயைப் பாக்கலை" என்றார்.

ஒரு வருடமாக அந்தக் கன்னத்தில்தானே அடித்துக்கொண்டான். நாம் வெறி என்று மூன்று முறை மாத்திரையைக் கூட்டினோம். கசக்குமே என்று தினமும் வெல்லத்துக்குள் வைத்துக் கொடுத்தாய். அந்த வெல்லம் நான் இங்கிருந்து அனுப்பியது.

வெள்ளிக்கிழமை மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். மாத்திரையை மெல்லத்தான் குறைக்க வேண்டுமாம்.

அவனுடைய பச்சைப் போர்வையைக் கொடுத்துவிடு. உன் பழைய சேலை ஒன்றும் வை. அவனுக்குத்தான்.

இன்று காலை அவன் கையைத் தூக்கினான். பழக்கத்தில் பிடித்து அமுக்கிவிட்டேன். பல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கத்தான் தூக்கியிருக்கிறான்.

வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கூப்பிடுகிறார்கள். இந்த முறை வெல்லம் அனுப்பவில்லை.

மோகனசுந்தரம்