துடைப்பக்கட்டையும் பின்சுவரும்

ஏங்க,

பின்பக்கம் போனா செருப்பைப் போட்டுக்கிட்டுப் போங்க. தரை முழுக்க சிமென்ட் துண்டா கிடக்கு.

சுவர்ல இருக்குறது வெறும் பெயின்ட் வெடிப்புதான்னு நேத்து உங்களோட மல்லுக்கு நின்னேன் இல்லையா? அதை நிரூபிச்சே தீரணும்னு காலையில துடைப்பக்கட்டையால தட்டிப் பார்த்தேன். கதவு அகலத்துக்குப் பூச்சு மொத்தமா பெயர்ந்து உங்க ரோஜாத் தொட்டி மேலேயே விழுந்துடுச்சு. உள்ளே இருக்குற செங்கல்லாம் என்னைப் பார்த்துப் பல்லை இளிக்குது.

சின்ன விரிசல்னு எழுதி கொத்தனாருக்கு போட்டோ அனுப்பினேன். உடனே போன் பண்ணி, "விரிசல்னு சொன்னீங்க, புதுசா ஜன்னல் வைக்கிறீங்களாம்மா?"ன்னு கேட்டாரு.

"காத்துல விழுந்திருக்கும்"னு சமாளிச்சேன்.

"அந்தக் காத்து துடைப்பத்தை அங்கேயே விட்டுட்டுப் போயிருக்கே"ன்னாரு.

சாயங்காலம் வந்து பார்த்துட்டு எப்ப வேலை ஆரம்பிக்கலாம்னு சொல்வாரு. அவர் முன்னாடி "நான் அப்பவே சொன்னேன்"னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. நான் வேலை முடிஞ்சு வந்ததும் ஆசை தீர சொல்லிக்கோங்க, வாயே திறக்காம கேக்குறேன். சத்தியமா.

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். பின்கதவுச் சாவி டீத்தூள் டப்பா பின்னாடி இருக்கு.

பி.கு.: பெயர்ந்த இடத்துல கை வச்சுப் பார்த்தேன், ஒரே ஈரம். அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் நீங்க தலை வச்சுப் படுக்குறீங்க. உங்க இருமலை நடிப்புன்னு வேற சொன்ன புத்திசாலி நான்! கட்டிலை முன்ரூமுக்கு ஒத்தை ஆளா இழுத்துப் போட்டிருக்கேன், கோணலாத்தான் நிக்கும். இன்னைக்கு அங்கே படுங்க. நேத்து மாதிரி கோவிச்சுக்கிட்டு நான் சோபாவுல படுக்க மாட்டேன்.