ஒரே சட்டி பாஸ்தாவும் இவர் மூக்கும்

6, வியாழன்

காலையிலிருந்து மழை. நான் வேலை பார்க்கும் டோபி கடையில் டிரையர் எல்லாம் ஃபுல். துணி கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டது. இந்த ஃபேக்டரி ஊர் பாசிர் கூடாங்கில் வெயில் அடித்தால் புகை, மழை பெய்தால் ஈரத்துணி. எது மேல் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வாங்கியது: கோழி சாசேஜ், கேரட், கேப்சிகம், டின் பால். மறந்தது: பாப்பாவுக்கு கறுப்பு சாக்ஸ்.

ராத்திரிக்கு ஒரே சட்டி பாஸ்தா. பாப்பா போனில் பார்த்துச் சொல்லிக் கொடுத்தது. வேலை விட்டு வந்து சோறு, குழம்பு, பிரட்டல் என்று யார் நிற்பது. பூண்டு வதக்கு, சாசேஜ் போடு, காய் போடு, பாஸ்தாவை வேகவைக்காமல் அப்படியே கொட்டு, தண்ணீர் ஊற்று, மூடு. கழுவ ஒரே சட்டி. கண்டுபிடித்த புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

பூண்டைப் போட்ட நேரம் பார்த்து கேட்டில் பார்சல்காரன். கையெழுத்து வேண்டுமாம். பேனா எழுதவில்லை. இவர் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், கையை நீட்டினால் சட்டி. மாடியிலிருந்து பாப்பா கத்தினாள். "அம்மா! என்னமோ தீயுது!" ஓடி வந்தால் பூண்டு கரி. இவர் போனில்.

"மூக்க எங்க அடகு வெச்சிட்டு வந்தீங்க?" என்றேன்.

வழக்கமாகப் பதிலுக்கு ஒரு நக்கல் அடிப்பார். இன்று முகம் வெளிறிப்போனது. "போன் பாத்துட்டு இருந்தேன் லா" என்றார். அவ்வளவுதான். சட்டியைத் தேய்த்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

தம்பி குமரன் சாப்பிட வந்தான். திங்கட்கிழமை இவர்கள் ஃபேக்டரியில் ஷட்டவுன் ஆரம்பம். பிளாண்ட்டை நிறுத்தி டேங்குகளைக் கழுவும் காலம், எல்லோருக்கும் ஓ.டி. குமரன் டேங்குக்குள் இறங்குகிறவன். என் வீட்டுக்காரர் டேங்கின் வாயில் நின்று காவல் பார்க்கிறவர். உள்ளே காற்று கெட்டால் முதலில் தெரியவேண்டியது இவருக்கு. போன ஷட்டவுனில் மீட்டர் கத்துவதற்கு முன்பே இவர் மோந்து பார்த்துக் கூச்சல் போட்டு எல்லோரையும் வெளியே இழுத்தார். அதிலிருந்து பிளாண்ட்டில் இவர் பெயர் மூக்கு முரளி.

"மாமா வெளிய நின்னா போதும்க்கா. உள்ள நான் தூக்கமே போடுவேன்." சாசேஜை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டே சொன்னான். இவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

7, வெள்ளி

மழை விட்டது. புழுக்கம்.

விளக்கேற்றி சாம்பிராணி போட்டேன். எப்போதும் "வீடா கோயிலா, கதவத் தெற" என்று கத்துகிறவர், புகைக்கு நடுவில் உட்கார்ந்து நியூஸ் பார்த்தார்.

நேற்றிலிருந்து மனசு ஒன்றையே சுற்றுகிறது. எழுதிப் பார்க்கிறேன்.

– செவ்வாய், காபியில் பால் திரிந்திருந்தது. நான் ஒரு வாயோடு துப்பினேன். இவர் முழுசும் குடித்துவிட்டுக் கப்பைக் கழுவி வைத்தார்.

– எல்லாவற்றிலும் சில்லி சாஸ். இட்லியில்கூட.

– சோபாவுக்குப் பின்னால் பூனை செய்துவிட்டுப் போன காரியம். அங்கேயே சாய்ந்து முழு ஃபுட்பால் மேட்ச்.

– கேட்.

கேட்தான் பெரிய விஷயம். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்ன சமையல் என்று கேட்டதே கிடையாது. கேட்டைத் திறக்கும்போதே இவரே சொல்லிவிடுவார். "கருவாடு! கத்திரிக்கா போட்டிருக்க!" அந்தச் சந்து முழுக்கக் கேட்கும். எனக்கு மானம் போகும். அது எப்போது நின்றது? போன மாதம் காய்ச்சல் வந்து படுத்தாரே, அதற்குப் பிறகு. சத்தம் போடாமல் வருகிறாரே என்று நான் சந்தோஷப்பட்டேன். மக்கு.

நேராகக் கேட்கலாம். கேட்டால் இல்லை என்பார். ஒரு தடவை இல்லை என்றுவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு நிற்பார். தெரியாத ஆளா.

சாயங்காலம் குமரனிடமிருந்து போட்டோ. புது சேஃப்டி பூட். 'திங்கள் ரெடி' என்று கீழே. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நாளைக்குப் பார்த்துவிடுகிறேன்.

8, சனி

பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு மலாய் அக்கா காக் லீனாவிடம் ஒரு துண்டு பெலாச்சான், அந்த நாற்ற இறால் கட்டி, கேட்டு வாங்கினேன். "நீ பெலாச்சான் வறுக்கப் போறியா?" என்று அவளுக்கே ஆச்சரியம். நியாயம்தான். இவருக்கு அந்த வாடை ஜென்மத்துக்கும் ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் வறுத்தேன், கொட்டும் மழையில் பனியனோடு ரோட்டுக்கு ஓடிப்போனார். அதிலிருந்து இந்த வீட்டில் பெலாச்சான் கிடையாது.

இவர் கடைக்குப் போயிருந்த நேரம். அதே அகலச் சட்டி. எண்ணெய் இல்லாமல் பெலாச்சானை வறுத்தேன். வீடு முழுக்கச் செத்த இறால். பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அதன் மேலேயே பூண்டு, சாசேஜ், கேரட், கேப்சிகம், பாஸ்தா, தண்ணீர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து காக் லீனா, "வாஹ், செடாப்!" என்று சத்தம், அவளுக்கு அது ருசி. கேட்டிலிருந்தே கத்துங்க, திட்டுங்க, ரோட்டுக்கு ஓடுங்க என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே கிண்டினேன்.

கேட் சத்தம். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். சட்டியை எட்டிப் பார்த்தார்.

"பாஸ்தாவா? பூண்டு வாசம் கேட் வரைக்கும் தூக்குது."

தெரியவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. பொய் சொன்னார். பூண்டு என்று கண்ணால் பார்த்துச் சொன்னார்.

ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டார். "உப்பு மட்டும் கொஞ்சம் கூட" என்றார். பாப்பா முட்டை பொரித்துத் தின்றுவிட்டு காக் லீனா வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்தினேன்.

"அதுல பெலாச்சான் இருக்கு" என்றேன்.

ஸ்பூனை மெதுவாக வைத்தார்.

"ஒண்ணுமே தெரியல மாலா. சோறு அட்டைய தின்ன மாதிரி இருக்கு. பாப்பா தலைய மோந்து பாக்குறேன், அதுகூட இல்ல."

அதுவரை கோபத்தில் இருந்தேன். அப்போது அழுகை வந்துவிட்டது. ஆனால் குமரன் முகமும் கூடவே வந்தது.

"திங்கக்கிழம எப்படி நிப்பீங்க?"

"மீட்டர் இருக்கு. சட்டத்துல மூக்கு இல்ல."

"மீட்டர் போதும்னா போன ஷட்டவுன்ல உங்க மூக்கு எதுக்குக் கத்துச்சு?"

"ஷட்டவுன் முடியட்டும். கிளினிக் போறேன். இப்ப சொன்னா என்ன ஸ்டோர்ல தூக்கிப் போடுவானுங்க. மூக்கு முரளிக்கு மூக்கு இல்லன்னு நாடே சிரிக்கும்."

"உள்ள போறது என் தம்பி."

"எனக்கு மட்டும் யாரு அவன்?"

அதற்கு மேல் பேச்சு வளர்ந்தது. இரண்டு பேரும் சொல்லக் கூடாததைச் சொன்னோம். எழுதப் போவதில்லை. கடைசியில் நான் சொன்னது இதுதான்: நாளைக்குக் குமரன் சாப்பிட வருவான். நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்வேன்.

சட்டியில் வாடை இன்னும் போகவில்லை. எலுமிச்சம் பழம் தேய்த்து வைத்திருக்கிறேன்.

9, ஞாயிறு

வெயில். தலையணை எல்லாம் காயப் போட்டேன்.

காலையிலிருந்து இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் திடீரென்று, "இன்னிக்கு நான் சமைக்கிறேன்." மூக்கு இல்லாமலே சமைத்துக் காட்டப் போகிறாராம், எனக்கு.

சும்மா சொல்லக்கூடாது. பூண்டு போட்டதும் காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டார். ஓரம் மஞ்சளானதும் சாசேஜ். அது பிளந்து சுருண்டதும் காய். பாஸ்தாவைக் கொட்டித் தண்ணீர் அளந்து ஊற்றி மூடினார். என்னைப் பார்த்தார். பாத்தியா என்ற பார்வை. நல்ல பதம், என்னுடையதைவிட.

குமரன் வந்தான். ஹாலில் பாப்பாவோடு கேரம். இவர் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே அவனோடு டேங்க் கதை பேசினார். சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் துணி மடித்தேன். ஒரே டவலை எத்தனை தடவை மடித்தேனோ.

"மாமா! கேஸ்!"

குமரன் கேரம் போர்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கஞ்சி பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருக்கிறது. கேஸ் அது பாட்டுக்கு வருகிறது. இவர் அதன் முன்னாலேயே நின்று, கையில் கரண்டியோடு, பேசிக்கொண்டிருக்கிறார். குமரன் அவரைத் தாண்டிக் கையை நீட்டி மூடினான். பின்கதவைத் திறந்தான். "சுவிட்ச் எதையும் தொடாதீங்க. பாப்பா வெளிய போ." அப்போதுதான் எனக்கே வாடை அடித்தது. அவ்வளவு சீக்கிரம் பிடித்திருக்கிறான். இவரிடம் கற்றுக்கொண்டது.

வெளியே எல்லோரும் நின்றோம். குமரன் இவரைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அலமாக், டெஸ்ட்டா மாமா? ஷட்டவுனுக்கு முன்னாடி எனக்கு டெஸ்ட் வெக்கிறீங்களா?"

இவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

"ஆமாண்டா. பாஸாயிட்ட."

குமரனுக்கு என்ன சந்தோஷம். பாப்பா கையைத் தட்டினாள்.

உள்ளே போய்த் தட்டு வைத்தேன். பரிமாறினேன். எல்லோருக்கும் வைத்த பிறகு சொன்னேன்.

"குமரா, டெஸ்ட் இல்ல. மாமாவுக்கு வாசம் தெரியாது."

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது அவனுக்கு. என்னைக் கேட்கவில்லை, இவரைத்தான் கேட்டான். "எப்பலேருந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"போன வாரம் சின்ன டேங்க்ல எறங்கினேனே மாமா. நீங்கதானே வெளிய நின்னீங்க."

எனக்கு அந்தச் சின்ன டேங்க் தெரியாது. இப்போது தெரியும்.

குமரன் தட்டைத் தள்ளி வைத்து எழுந்தான். கோபமாகக்கூடப் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "காலைல மீட்டிங்ல நீங்களே சொல்லுங்க மாமா. சொல்லலன்னா நான் எறங்க மாட்டேன். ஏன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவன் மோட்டார் சைக்கிள் போன சத்தம் அடங்கியதும் இவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"திருப்தியா?"

பாஸ்தா நன்றாகத்தான் இருந்தது. யாரும் சாப்பிடவில்லை.

10, திங்கள்

விடியும்போது மேகமூட்டம். ஃபேக்டரி பஸ் ஹார்ன். போய்ட்டு வர்றேன் என்று சொல்லாமல் போனார்.

டோபியில் எதுவும் ஓடவில்லை எனக்கு. ஒருத்தர் பாஜு சட்டையை இன்னொருத்தர் பையில் போட்டுக் கொடுத்தேன், அந்தம்மா திரும்பி வந்து கத்தினாள். வரும் துணியெல்லாம் பிளாண்ட் வாடை. போன் எப்போது அடித்தாலும் ஓடினேன்.

மத்தியானம் குமரன்.

"மாமாவே சொல்லிட்டாருக்கா. எல்லார் முன்னாடியும் கைய தூக்கி. வேற ஆள நிக்க வெச்சிருக்காங்க. மாமாவ ஸ்டோர்ல போட்டுட்டாங்க. கிளினிக் லெட்டரும் குடுத்திருக்காங்க."

"சிரிச்சாங்களா?"

"யாரும் சிரிக்கலக்கா." பிறகு அவனே சொன்னான். "நான் உள்ள போறப்போ ஸ்டோர விட்டு வந்து தூரமா நின்னுட்டு இருந்தாரு. நான் வெளிய வர்ற வரைக்கும்."

பேருந்தில் நின்றபடியே அழுதுகொண்டு வந்தேன். யார் பார்த்தால் என்ன.

கறுப்பு சாக்ஸ் வாங்கினேன். வீட்டில் மிச்சம் இருந்த சாசேஜ், பாதி கேப்சிகம், ஒரு கேரட். அதே சட்டி. பூண்டு கொஞ்சம் அதிகம்தான். வேண்டுமென்றே.

கேட் சத்தம். செருப்புச் சத்தம் இல்லை. உள்ளே வரவில்லை. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். திரும்பிப் போய்விடுவாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு வாசலிலிருந்து குரல். கத்தலே இல்லை, எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு.

"என்ன சமையல், மாலா?"

போய்ச் சொன்னேன்.