ஆளுக்கு இரண்டு கதவு

பிப்ரவரி 3

ஆமைக்கு,

'அன்புள்ள' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, தாளையே கிழித்துப் போட்டுவிட்டேன். வெறும் ஆமை என்றே இருக்கட்டும். கிளப்பில் எல்லாரும் கூப்பிடுகிற பேர்தானே. நீ ஒரு சீட்டை இறக்குவதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. விவாகரத்து முடிகிற வரைக்கும் எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று என் வக்கீலும் சொல்லிவிட்டார். அவர் சொன்னது வீட்டைப் பற்றி. நான் சீட்டாட்டத்தையும் அதில் சேர்த்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மண்டலப் போட்டிக்கு நான் தேர்வாகிவிட்டேன். மார்ச் இரண்டாவது சனி, ஞாயிறு. கடைசியில் நிற்கிற இரண்டு பேர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். நாம் சேர்ந்து உருவாக்கிய அதே கட்டைத்தான் எடுத்துப் போகிறேன். படையும் கோட்டையுமாக அச்சடித்து விற்கிற ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சமையலறை மேசையில் சண்டை போட்டுச் சண்டை போட்டுச் சேர்த்த அறுபது சீட்டு. அதில் இரண்டு மட்டும் என்னிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறது.

இரும்புக் கதவு. ஒரு சீட்டுக்கட்டுக்குள் நாலு வைக்கலாம். பிரிந்தபோது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டோம். பீரோவுக்கும் கட்டிலுக்கும் வாயைத் திறக்காத நாம் அந்த நாலு சீட்டுக்குத்தான் விடிய விடியச் சண்டை போட்டோம். அது இறங்கினால் எதிராளியின் படை ஒரு முறை நம் கோட்டையைத் தொட முடியாது. நம் கட்டு நிற்பதே அந்த ஒரு மூச்சு அவகாசத்தை நம்பித்தான். கடை கடையாகக் கேட்டுவிட்டேன். அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்களாம்.

கடனாகத்தான் கேட்கிறேன். முடிந்ததும் திருப்பிவிடுவேன்.

உன் மணிக்கட்டு உடைந்தது எனக்குத் தெரியும், கிளப்பில் தையல்காரர் சொன்னார். எக்ஸ்ரே எடுக்க ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாயாமே. நான் வேலை பார்க்கிற இடத்து மெஷின் கடிக்காது.

சிட்டு


பிப்ரவரி 12

அன்புள்ள சிட்டுக்கு,

நீ அடித்ததை நான் அடிக்கவில்லை.

பதில் தாமதமாகிவிட்டது. ஆமைதானே, பொறுத்துக்கொள். உடைந்தது இடது கை. எழுத வலது கை இருக்கிறது. ஆனால் சீட்டுக் கலைக்க இரண்டு கையும் வேண்டுமே. அதனால் இந்த வருஷம் நான் ஆடவில்லை. லிஃப்ட் கூண்டின் மேலிருந்து இறங்கும்போது கால் வழுக்கியது, அவ்வளவுதான். மற்றவர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்குகிறவனுக்குத் தான் இறங்கத் தெரியவில்லை என்று மேஸ்திரி சிரித்தார்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மைதான். என் எலும்பைப் பார்த்தே நீ மனசைச் சொல்லிவிடுவாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

கதவு இரண்டும் இந்த உறையில் இருக்கிறது. நீ சீட்டுகளுக்குப் போடுகிற அதே கறுப்பு பிளாஸ்டிக் உறை புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்படாதே. நீ பயத்தில் கதவைச் சீக்கிரம் இறக்கிவிடுகிறாய். கோட்டை ஆட்டம் கண்டாலும் கையிலேயே வைத்திரு. எதிராளி மொத்தப் படையையும் அனுப்புகிற வரை காத்திரு.

நான் வந்து பார்க்கலாமா? பின்வரிசையில், வாயே திறக்காமல்.

ஆமை


பிப்ரவரி 17

ஆமைக்கு,

சீட்டு வந்தது. நன்றி. நீ அனுப்பமாட்டாய் என்று தையல்காரரிடம் பந்தயம் கட்டியிருந்தேன். தோற்றதற்குத் தண்டனையாக அவரிடம் இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆட வேண்டியதாயிற்று. ஊசியில் நூல் கோர்க்கிற பொறுமையோடு மனிதர் ஒவ்வொரு சீட்டாக என்னைக் கொன்றார்.

நீ வர வேண்டாம். பின்வரிசையில் இருந்தாலும் உன் முகத்தைத்தான் தேடுவேன். இந்தச் சீட்டைப் போடலாமா வேண்டாமா என்று உன் புருவத்தில் படிப்பேன். அந்தப் பழக்கத்தை விட எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியாது.

மனுவில் காரணம் என்ற இடத்தில் வக்கீல் 'கருத்து வேறுபாடு' என்று எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்குள் என்ன கருத்து வேறுபாடு? வேலை போனதைச் சொல்லாமல் மாதக்கணக்கில் தினமும் காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பிப் போனாய். நான் கவலைப்படுவேன் என்றுதான் சொல்லவில்லை என்றாய். அதை ஒரு வார்த்தையில் எழுத வக்கீலுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

சரி, இதை இப்போது எழுத உட்காரவில்லை. கை வீக்கம் இறங்கியதா? கட்டுப் போட்ட கையை மார்புக்கு மேலே தூக்கி வைத்துத் தூங்கு.

சிட்டு


பிப்ரவரி 25

சிட்டுக்கு,

வரமாட்டேன். ஜெயித்துவிட்டு எழுது. தோற்றாலும் எழுது.

ஆமை


மார்ச் 11

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய். அரையிறுதியில் தோற்றுவிட்டேன். இனிமேல் இருப்பதை நிதானமாகப் படி. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. கூடைப்பந்துக் கோடுகளுக்கு மேல் நீள நீளமாக மேசைகள். ஏசியை முழு வேகத்தில் வைத்திருந்தார்கள், உதடு வெடிக்கிற அளவுக்கு வறட்சி. சனிக்கிழமை முதல் நாலு சுற்றும் ஜெயித்தேன். மூன்றாவது சுற்றில் ஒரு பல் டாக்டர். நீ சொன்னபடி கதவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கோட்டை நொறுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மொத்தப் படையையும் அனுப்பினார். கதவை இறக்கினேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கா" என்று கேட்டார். அடுத்த முறையே அவர் கதை முடிந்தது. அந்த நிமிஷம் உன்னைத்தான் நினைத்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

ஐந்தாவது சுற்று தொடங்கும் முன் தலைமை நடுவர் எங்கள் மேசைக்கு வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு அம்மா.

"கட்டைக் கொடுங்கம்மா. வழக்கமான சோதனைதான்."

கொடுத்தேன். முகம் கீழே இருக்கும்படி கட்டை மேசையில் வைத்தார். முட்டி போட்டுக் குனிந்து, கண்ணை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து பார்த்தார். விரல் நுனியால் பக்கவாட்டில் தடவிக்கொண்டே வந்து ஒரு சீட்டை உருவினார். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"நான் முகத்தைப் பார்க்கல. நீங்களே திருப்புங்க."

திருப்பினேன். இரண்டும் இரும்புக் கதவு. ஓரத்தில் மெல்லிய தேய்மானம் இருந்தது. அதனால் உன்னுடையவை என்று எனக்குத் தெரியும்.

"நல்லாக் கலைச்சு வைங்க" என்றார். கலைத்தேன். மறுபடி குனிந்தார். மறுபடி அதே இரண்டைத்தான் உருவினார். லேசாக வளைந்திருந்தன. அடுக்கில் அந்த இடம் மட்டும் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தது. தெரிந்தவனுக்கு அடுத்து வரப்போவது என்ன சீட்டு என்று தெரியும்.

"தெரிஞ்சுதான் வெச்சீங்களா?"

"இல்ல."

"உங்க சீட்டா?"

"என் வீட்டுக்காரர் கொடுத்தது." ஒரு வருஷமாக வாயில் வராத வார்த்தை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பேரைக் கேட்டார், சொன்னேன்.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பஸ் கண்டக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "முந்தின வருஷம் கோப்பை வாங்கினவரா? அப்போ அந்தக் கோப்பையும் இப்படித்தான் வந்ததா?"

பக்கத்து மேசைகளில் ஆட்டம் நின்றுவிட்டது. நான் எழுந்து நின்றேன். "அவர் ஒரு சீட்டு இறக்க எவ்வளவு நேரம் எடுப்பார்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அடுத்து என்ன வரும்னு தெரிஞ்ச மனுஷன் எதுக்குங்க அப்படி மண்டையை உடைச்சுக்கணும்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. தண்டனையாக மூன்றில் முதல் ஆட்டம் எதிராளிக்கு என்று எழுதினார். உன் கதவுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் போட்டிக்காரர்களின் வெறும் நிலச் சீட்டு இரண்டைக் கொடுத்தார். எதுவும் செய்யாத சீட்டு. புதுப் படம், பச்சை வயல். கண்டக்டரிடம் அடுத்த இரண்டு ஆட்டத்தையும் எப்படி ஜெயித்தேன் என்று எனக்கே தெரியாது. கோபம்தான் ஆடியது. ஆனால் அவர் நல்ல மனிதர், கை கொடுத்துவிட்டு, "தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கால் இறுதியிலும் ஜெயித்தேன். அரையிறுதியில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தோம். மூன்றாவதில் அவள் மொத்தப் படையையும் அடுக்கிவிட்டாள். என் கையில் ஒன்றுமில்லை. ஒரு சீட்டு எடுக்கலாம். கதவு வந்தால் பிழைத்துக்கொள்வேன், அதற்கடுத்து அவளிடம் தடுக்க எதுவும் இல்லை. எடுத்தேன்.

பச்சை வயல்.

அரங்கில் உனக்காகப் பேசியவள் நான்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் உன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தவளும் நான்தான். அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் வளர்ந்தது. நம் பழைய ஆட்டங்கள், அந்தக் கோப்பை, நீ சரியான நேரத்தில் கதவை எடுத்த தடவைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

ஒரே கேள்விதான். அந்தச் சீட்டு வளைந்திருப்பது உனக்குத் தெரியுமா?

சிட்டு


மார்ச் 20

சிட்டுக்கு,

நான் ஏமாற்றியதில்லை. ஒரு ஆட்டத்தில்கூட இல்லை. இதை நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் முதல் வரியாக இருக்கட்டும்.

நீ கேட்டது வேறு. தெரியும்.

என் அறை சலவைக் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே நாள் முழுக்க இஸ்திரி ஆவி. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். கதவு மாதிரி மினுமினுப்புத் தாள் ஒட்டிய சீட்டுக்கு ஈரம் ஆகாது. உன் கடிதம் வந்ததும் எடுத்துப் பார்த்தேன், இரண்டும் கூரை ஓடு மாதிரி வளைந்திருந்தன. கனமான ஸ்பானர் பெட்டிக்கு அடியில் வைத்து நிமிர்த்தினேன். பதில் தாமதமானது அதனால்தான். நேராகிவிட்டதாகத் தெரிந்தது. நிமிர்த்திய சீட்டு வேறு காற்றுப் பட்டால் மறுபடி வளையலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருப்பாய். நான் வரக்கூடாது என்று நீ எழுதுவாய் என எனக்கு முன்னாலேயே தெரியும். சீட்டாவது உன் கையில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அந்த அம்மா குனிந்து பார்த்ததை நீ எழுதியிருந்த இடத்தைத் தாண்ட முடியாமல் எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். நீ எனக்காக எழுந்து நின்று பேசியிருக்கிறாய். அப்போது நான் செய்திருந்தது என்ன என்று உனக்குத் தெரியாது.

நீ சந்தேகப்பட்டது வலித்தது. உன் இடத்தில் இருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன் என்று தோன்றியபோது இன்னும் வலித்தது.

தேசியப் போட்டி போனது என்னால்தான். அடுத்த வருஷம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து புதுக் கட்டு ஒன்று போடலாமா? கேட்கத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஆமை


மார்ச் 26

அன்புள்ள ஆமைக்கு,

உன்னை நம்புகிறேன். ஒவ்வொரு வார்த்தையையும் நம்புகிறேன். தலைமை நடுவர் அம்மாவுக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். சீட்டு ஈரத்தில் வளைந்தது, அனுப்பியவர் நிமிர்த்தி அனுப்பினார், கவனிக்காமல் ஆடியது என் தவறு என்று எழுதினேன். கண்டக்டருக்கும் காட்டச் சொல்லியிருக்கிறேன். உன் கோப்பையை இனி யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் உன் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. 'வளைந்திருக்கிறது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அதை எடுத்துப் போயிருக்கமாட்டேன், அது நிஜம். அதற்குப் பதில் எந்த இரண்டு சீட்டை வைப்பது என்று யோசித்திருப்பேன். எனக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது. கடைசியில் உன்னிடம்தான் கேட்டிருப்பேன். நீ ஒரு சீட்டுச் சொல்ல, நான் அது சரிப்படாது என்று எழுத, நீ மறுபடி எழுத, போட்டி வரைக்கும் கடிதம் போய் வந்துகொண்டே இருந்திருக்கும். என் சீட்டுக்கட்டுக்குள் நீ இருந்திருப்பாய். உண்மையைச் சொல்லியே அங்கே வந்திருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

கெட்ட எண்ணம் இல்லை என்கிறாய். உன்னிடம் என்றைக்குமே இருந்ததில்லை. டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நாட்களிலும் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நல்ல எண்ணத்தோடு நீ எதையெல்லாம் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறாயோ என்று வாழ்நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. பஸ்ஸில் எனக்குப் புரிந்தது அதுதான்.

அதனால் விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போடுகிறேன். அடுத்த வருஷக் கட்டை நான் தனியாகவே போட்டுக்கொள்கிறேன். மோசமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

உன் கதவு இரண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்த அறையை மாற்று. ஈரம் சீட்டுக்கு மட்டுமில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிற எலும்புக்கும் ஆகாது. கைக்கட்டுப் பிரிக்கிற அன்று எங்கள் ஆஸ்பத்திரிக்கே வா. அன்றைக்கு நான் லீவு போட்டுவிடுகிறேன்.

எட்டாம் தேதி காலையில் கோர்ட்டில் பார்ப்போம். முடிந்து வெளியே வந்ததும், போகிற வழியில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாமா என்று மட்டும் கேட்காதே. கேட்டால் வந்துவிடுவேன்.

சிட்டு