சண்டை முடியும்வரை காத்திருக்க மாட்டேன்

இஞ்சருங்கோ, சோறும் மீன்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியிடம் கொடுத்திருக்கிறேன்.

நான் தங்கரத்தினத்தோடு குளுவாங்கில் ரயிலேறிச் சிங்கப்பூர் போகிறேன். அவள் காதைப் பார்த்த டாக்டர் ஜெர்மன் சண்டைக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர் பிள்ளையைத் தொட்டும் பாராமல், "சண்டை முடிந்தபிறகு கொண்டுவா" என்றார். நேற்று நீங்களும் அதையே சொன்னீர்கள். அதுவரைக்கும் பிள்ளை வளராமல் நிற்குமோ? ஏழு வயதாகியும் அவளுக்கு அம்மா என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூரில் ஒரு கன்னியாஸ்திரி காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசப் பழக்குகிறாராம். முடியாதென்றால் அவர் வாயாலேயே சொல்லட்டும்.

நாளைப் பின்னேர ரயிலில் வருவோம். கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செல்லப்பாக்கியம்

பி.கு: காலையில் நீங்கள் வேலைக்குப் போகையில் தங்கம் கையசைத்தாள், நீங்கள் திரும்பவில்லை. நாளை ஸ்டேஷனுக்கு வாருங்கோ. கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது, கண்ணில் படும்படி நில்லுங்கோ.